தலைவர் டிராயர்ல பூட்டின பூங்கா

ஒரு ஊர்ல ஒரு அஞ்சலை இருந்தா. நகராட்சி ஆபீஸ்ல தபால் பிரிக்கிறது, டீ வாங்கிட்டு வர்றது அவ வேலை. அவ மக தேனு, ஆறு வயசு. அந்த ஊர்ல வீடும் வீடும் இடிச்சுக்கிட்டு நிக்கும், காத்துகூட ஒருக்களிச்சுதான் உள்ள வரணும். புள்ளைங்க விளையாட லாரி போற ரோடுதான். டர்ர்ர்னு சத்தம் கேட்டாலே அஞ்சலை ஆபீஸ்ல இருந்தாலும் ஜன்னலுக்கு ஓடுவா. போன மாசம்தான் பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கால் ஒடிஞ்சுது. எங்க, "ம்" சொல்லு. ஆங்.

நடு ஊர்ல பழைய வண்டிப்பேட்டை சும்மா கெடந்துச்சு. அதுல பூங்கா வைங்கன்னு கேட்டா, நகராட்சித் தலைவர் மாசிலாமணி உச்சுக் கொட்டுவாரு. "எனக்கும் ஆசைதாம்மா. சர்க்கார் எடமாச்சே, நமக்கு அதிகாரம் இல்லையே!" பத்து வருசமா இதே பாட்டு.

அப்புறம் ஒரு நாள் தபால்ல ஒரு உத்தரவு வந்துச்சு. காலி எடத்தைப் பூங்கா ஆக்குற அதிகாரம் இனிமே நகராட்சிக்கே. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டத்துல தீர்மானம் போடணும், இல்லன்னா எடம் ஏலத்துக்குப் போயிடும். தலைவரோட மச்சான் அங்க லாரி ஷெட் போடக் காத்துக்கிட்டிருந்தான்.

புதன்கிழமை அஞ்சலை அதை மேசையில எல்லாத்துக்கும் மேல வச்சா. தலைவர் அடியில சொருகிட்டாரு. வியாழக்கிழமை டீயோட சேத்து நீட்டினா. "அப்புறம் பாக்கலாம்"னு டிராயர்ல போட்டு, கிளிக்! பூட்டிட்டாரு. வாயைத் தொறந்தா வேலை போயிடும். தொறக்கலன்னா? அவளுக்குச் சோறே எறங்கல.

தூங்கிட்டியா? இல்லையா? கேளு.

வெள்ளிக்கிழமை கூட்டம். வாசல்ல பொம்பளைங்க திரண்டு நின்னு "பூங்கா எங்கே?"ன்னு கேட்டாங்க. தலைவர் எழுந்து நெஞ்சுல கைய வச்சாரு. "எனக்கு மட்டும் அதிகாரம் வரட்டும், அந்த நிமிசமே கையெழுத்துப் போடுறேன்!" உறுப்பினருங்க மேசையைத் தட்டினாங்க, டொம் டொம் டொம்!

அப்போ தண்ணிச் சொம்போட நின்ன அஞ்சலை சொம்பைக் கீழ வச்சா. "ஐயா, வந்துடுச்சுங்க. உங்க டிராயர்ல இருக்கு"ன்னுட்டா.

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு வயசான உறுப்பினர் கைய நீட்டினாரு. "சாவியக் குடுப்பா, மாசிலாமணி." இத்தனை பேர் முன்னாடி இப்பத்தானே வாக்குக் குடுத்தாரு, வேற வழி? டிராயரைத் தொறந்து உத்தரவை எடுத்தாங்க, தலைவர் முழிச்சுக்கிட்டே தீர்மானத்துல கையெழுத்துப் போட்டாரு.

அவ வேலை ஒண்ணும் போகல. தலைவர் ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்.

பூங்கா தொறந்த அன்னிக்கு தேனு திபுதிபுன்னு ஓடினா. "ஏய், லாரிடீ!"ன்னு அஞ்சலை கத்திட்டா. சுத்திப் பாத்தா லாரியே இல்ல. மண்ணும், புதுசா நட்ட வேப்பங்கன்னும், புள்ளைங்க கூச்சலுந்தான். பாவம், அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதுட்டா.

அவளும் அழுது முடிச்சா, நானும் சொல்லி முடிச்சேன். கண்ண மூடு, தங்கம்.