பானையில் வைத்த நண்டு

"ஐயா, எனக்கு வேற பிள்ளை கொடுங்க" என்றார் கயிலாயம்.

குரு ஐயம்பெருமாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்து, மடித்து, வாயில் போட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன?"

"படிப்பு ஏறலை."

"இப்ப எங்க இருக்கா?"

"கழிமுகத்துல. நண்டு பாக்கப் போயிட்டா. தினமும் இதே கதைதான்."

"அப்ப காலையில யாருக்கு வாய்ப்பாடு நடத்தினீர்? மேடு முழுக்கக் கேட்டுதே."

கயிலாயம் தலையைக் குனிந்தார்.

"பாய் விரிச்சிருந்துது. எதிரே ஆள் இல்லை."

"பாய் படிச்சுதா?"

கயிலாயம் திரும்பி நடந்தார்.

குருவைவிட அவர் வயதில் மூத்தவர். நடுவயதில் மளிகைக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, கல்வி தேடி இந்தப் பாடசாலைக்கு வந்தவர். சொந்த ஊரான மணல்விளையில் அவருக்காக ஒரு பள்ளிக்கூடக் கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஊரில் வேறு பள்ளி இல்லை. அங்கிருந்து சந்தைக்கு வரும் ஆட்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எப்ப வாரீக?"

குரு விடை கொடுத்து அனுப்பினால் வரலாம்.

விடை பெறுவதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போக விரும்புகிறவருக்குக் குரு ஒரு பிள்ளையைக் கொடுப்பார். சித்திரைப் பௌர்ணமி அன்று அந்தப் பிள்ளை குருவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒன்றே ஒன்று. குரு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டால், கற்பித்தவர் இன்னும் ஓராண்டு இருக்க வேண்டும். குரு எழுந்துவிட்டால் அவர் போகலாம்.

போன ஆண்டு கயிலாயம் கொண்டுவந்த பிள்ளை, "உலகம் எதிலிருந்து வந்தது?" என்று கேட்டான். கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல்.

குரு முதுகைச் சொறிந்துகொண்டே பதில் சொன்னார்.

இந்த ஆண்டு கிடைத்தவள் சந்தனமாரி. மீன்காரி மகள்.

*

மறுநாள் கயிலாயம் பாடத்தை மாற்றினார். நண்டு பிடிக்கும் என்றால் நண்டே இருக்கட்டும்.

மணலில் 'ந' எழுதினார். பக்கத்தில் ஒரு நண்டு வரைந்தார்.

"இதுக்கு இன்னும் ரெண்டு கால் வேணும், அண்ணாவி" என்றாள் சந்தனமாரி. அந்தப் பக்கத்தில் பாடம் சொல்கிறவரை அண்ணாவி என்றுதான் அழைப்பார்கள்.

"காலை விடு. கணக்குச் சொல்லுதேன், கேளு. பத்து நண்டு இருக்கு. நாலு போயிட்டு. மீதி எத்தனை?"

"எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு. மீதி?"

"தண்ணி ஏறிட்டா?"

"தண்ணியே இல்லை இதுல."

"தண்ணி ஏறினா பத்தும் வளைக்குள்ள போயிரும். ஏறலைன்னா பத்தும் வெளிய நிக்கும். நாலு மட்டும் எதுக்குப் போவுது?"

"கணக்குக்காகப் போவுது, தாயி."

"அப்ப அது நண்டு இல்ல" என்று அவள் எழுந்துவிட்டாள்.

கயிலாயம் விடவில்லை. நண்டுப் பாட்டு கட்டினார். நண்டு நீதி சொல்லும் கதை ஒன்றும் சொன்னார். கதையில் நண்டு பேச ஆரம்பித்ததும் அவள் கொட்டாவி விட்டாள்.

*

"அவளுக்குப் பிடிச்சதைத்தான் கொடுத்தேன். அதையும் தள்ளிட்டா" என்றார் கயிலாயம்.

குரு எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதன் வெளிப்புறத்தில் கரித்துண்டால் ஒரு மாம்பழம் வரைந்திருந்தது. காம்பும் இலையும் கூட இருந்தன.

"உமக்கு மாம்பழம்னா உசிருல்லா. குடியும்."

கயிலாயம் ஒரு மடக்கு குடித்தார். நிலவேம்புக் கஷாயம். முகம் கோணிற்று.

"எப்படி?"

"கசக்குது."

"மாம்பழமா?"

கயிலாயம் சிரட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்ததைப் பார்த்தார்.

"படம் சரியில்லைன்னா சொல்லும். கிளிமூக்கு மாம்பழமா வரைஞ்சு தாரேன்" என்றார் குரு.

*

அன்று மதியம் கயிலாயம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கழிமுகத்துக்கு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டாமல் சேற்றில் உட்கார்ந்தார்.

"அசையாதீங்க. அசைஞ்சா ஓடிரும்" என்றாள் சந்தனமாரி. அதைத் தவிர வேறு மரியாதை எதுவும் செய்யவில்லை.

சேறு முழுக்கச் சின்னச் சின்ன நண்டுகள். பலவற்றுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு மீறிப் பெரிதாக இருந்தது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின, யாரையோ கூப்பிடுவது போல.

கூடையோடு போன அவள் அம்மா நின்றாள்.

"என்ன அண்ணாவி, இவளைப் படிக்க வைக்கச் சொன்னா, நீங்க சேத்துல உக்காந்துட்டீக? நண்டு பாக்கதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நானே காட்டியிருப்பேனே."

"பொறும்மா" என்றார் கயிலாயம். அவர் கண் சேற்றில் இருந்தது.

ஒரு நண்டு சேற்றை உருட்டிக் கொண்டுவந்தது. வளைக்குள் இறங்கி, அந்த உருண்டையை வாசலில் இழுத்து வைத்து அடைத்துக்கொண்டது. பக்கத்து நண்டும் அடைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் சேறு வெறுமையாகிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"தண்ணி ஏறப் போவுது."

கயிலாயம் பார்த்தார். தண்ணீர் தூரத்தில் கிடந்தது.

"இன்னும் ஏறலையே."

"ஏறும்."

"அது இதுகளுக்கு எப்படித் தெரியும்?"

சந்தனமாரி வாயைத் திறந்தாள். மூடினாள். அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"தெரியலையே, அண்ணாவி."

"எனக்கும் தெரியலை."

"நெசமாவா?"

"நெசமா."

தண்ணீர் வந்து இருவர் காலையும் நனைத்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

*

பானை அவள் யோசனை. தண்ணீர் வருவது கண்ணில் படுவதால் அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். கழிச் சேற்றை நிரப்பி, ஒரு நண்டை விட்டு, மேட்டில் இருந்த பாடசாலைக்குச் சுமந்து வந்தாள். இருட்டறையில் வைத்தார்கள். மங்கலாக ஒரு அகல். பகலா இரவா என்று நண்டுக்குத் தெரியாதபடி அதன் சுடர் எப்போதும் ஒரே மாதிரி எரிந்தது.

அவள் கரையில் நின்றாள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் சங்கு ஊத வேண்டும். கயிலாயம் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சங்குச் சத்தம் கேட்டபோது பானை நண்டு ஏற்கெனவே வளையை அடைத்திருந்தது.

அவள் மூச்சு வாங்க மேடேறி வந்தாள். "அடைச்சுதா?"

"அடைச்சுட்டு."

"சங்குக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"எவ்வளவு முந்தி?"

கயிலாயத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன அண்ணாவி, அதைப் பாக்காம எதுக்கு உக்காந்திருந்தீக?" என்று கத்தினாள்.

பாடசாலையில் நாழிகை வட்டில் ஒன்று இருந்தது. அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் நிரம்பி மூழ்க ஒரு நாழிகை ஆகும். அதை எடுத்துக்கொண்டார்கள்.

"மூழ்கினதை எப்படி நெனப்புல வைக்கது?"

"எழுதி வைக்கணும்."

"எழுதச் சொல்லிக் கொடுங்க."

சொல்லிக் கொடுத்தார். அவள் பானையின் கழுத்தில் கரியால் எழுதினாள்.

சில நாளில் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறுவது ஏறக்குறைய இரண்டு நாழிகை தள்ளிப் போனது. பானை நண்டு அடைப்பதும் அதே போல் தள்ளிப் போனது.

"நாளன்னைக்கு எப்ப அடைக்கும்னு இன்னைக்கே சொல்ல முடியுமா?"

"முடியும். கணக்குப் போடணும்."

"அதையும் சொல்லிக் கொடுங்க. சீக்கிரம்."

அறை வாசலைக் கடந்துபோன குரு நின்று எட்டிப் பார்த்தார். பாயெல்லாம் சேறு. தன் வழியே போய்விட்டார்.

*

பௌர்ணமி நெருங்க நெருங்கக் கயிலாயத்துக்குத் தூக்கம் குறைந்தது. மணல்விளைக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்தாகிவிட்டது என்று சேதி வந்திருந்தது.

அவர் ஒரு கேள்வியைத் தயாரித்தார். ஏடுகள் எல்லாம் புரட்டி எடுத்த கேள்வி. சந்தனமாரியிடம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார்.

பௌர்ணமியன்று காலை சபைக்குப் போகும் வழியில், "ஒரு தடவை சொல்லு, பாப்போம்" என்றார்.

"உடலுக்குள் உயிர் நிற்கும் இடம் எது?" என்றாள் அவள். இடுப்பில் பானை இருந்தது.

"நல்லா இருக்கு. பானை எதுக்கு?"

"அண்ணாவி, இந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியும். ஏட்டுல இருக்கு."

"அப்ப பெரியண்ணாவிட்ட எதுக்குக் கேக்கணும்? நீங்களே சொல்லிருங்க. வேலை முடிஞ்சுது."

கயிலாயம் நின்றுவிட்டார். போன ஆண்டு குரு முதுகைச் சொறிந்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஏட்டுக் கேள்வி மானம் காக்கும். நண்டுக் கேள்வி கேட்டுக் குரு சிரித்துவிட்டால், சபையே சிரிக்கும். இன்னும் ஓராண்டு. கொட்டகை காலியாகக் கிடக்கும்.

"நீ என்ன கேக்கணும்னு நெனைக்க?"

"எனக்குத் தெரியாததை."

கயிலாயம் கையை நீட்டினார்.

"பானையைக் கொடு. கனக்கும். நான் தூக்கிட்டு வாரேன்."

*

குரு பலகையில் அமர்ந்திருந்தார். சீடர்கள் சுற்றிலும் இருந்தார்கள்.

"கேளு, பிள்ளை."

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் நேரம் ஆகலை."

பின்வரிசையில் ஒருவர், "குருவையே காக்க வைக்குது பாரும்" என்று முணுமுணுத்தார். குரு காத்திருந்தார். அவள் பக்கத்தில் மிதக்கவிட்டிருந்த நாழிகை வட்டில் நிரம்பிக்கொண்டிருந்தது.

பானைக்குள் ஒளிந்திருந்த நண்டு வெளியே வந்து சற்று மேய்ந்தது. சேற்றை உருட்டியது. வளைக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது.

"இப்பக் கேக்கேன்" என்றாள் சந்தனமாரி. "கழியில தண்ணி ஏறப் போற நேரம் இது. பானையில இருக்கிற நண்டுக்கு அது எப்படித் தெரியுது?"

யாரோ சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை.

"கடல் வாடை வந்திருக்கும்."

"நெலைக்கதவைச் சாத்தி வச்சும் அடைச்சுது."

"தூக்கிட்டு வந்ததுல பயந்திருக்கும்."

"வந்ததும் பயந்து ஒளிஞ்சுது. பிறவு வெளிய வந்து மேயலையா? நீங்களும் பாத்தீகல்லா."

"சூரியனைப் பாத்திருக்கும்."

"இருட்டறையில வச்சோம். அடைச்சுது."

"பழக்கம். தினமும் அந்த நேரத்துக்கு அடைக்கும்."

"அந்த நேரம்னு ஒண்ணு இல்ல, பெரியண்ணாவி. தினமும் ரெண்டு நாழிகை தள்ளிப் போவுது. அதுவும் கூடவே தள்ளிப் போவுது. இந்தா, எழுதியிருக்கேன்." பானையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள்.

குரு குனிந்து படித்தார். எழுத்துக் கோணல்தான். கணக்கு சரியாக இருந்தது.

அவர் கயிலாயத்தைப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

குரு வெற்றிலைச் செல்லத்தை மூடினார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

எழுந்தார்.

சபை முழுவதும் எழுந்தது. கயிலாயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

குரு அதைக் கவனிக்கவில்லை. வாசலைத் தாண்டி, மேட்டிலிருந்து இறங்கி, கழிமுகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சந்தனமாரி பின்னாலேயே ஓடினாள். அவள் குரல் மேடு வரை கேட்டது.

"வேட்டியைத் தூக்கிக் கட்டுங்க, பெரியண்ணாவி! அங்கன சேறு!"