மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

புதுச்சேரியில், கடலோரத் தெரு ஒன்றில், பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் தம் குடும்பத்துக்கென்று கட்டிய மாளிகை. இப்போதைய சொந்தக்காரர் தெய்வசிகாமணி. எழுபது வயசு மனுஷனுக்கு அந்த வீட்டின் மேல் அப்படியொரு பைத்தியம். ‘பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம்’ என்று வாசலில் பலகை மாட்டிய அன்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

அந்தப் பலகையே பிறகு வினையாக வந்து நின்றது.

போன ஆடியில் அவர் மனைவி பூங்காவனம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. சாயங்காலமானால் கடற்கரையில் போய்க் காற்று வாங்கியவள், மாடியே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். “பிடிச்சுக்க ஏதாச்சும் இருந்தா இறங்குவேன்” என்று ஒருநாள் சொன்னாள். தெய்வசிகாமணி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

படிக்கட்டின் ஒரு பக்கம் பழைய மரக் கிராதி, சாய்ந்தால் ஆடும். மறுபக்கச் சுவரில் இரும்புக் கைப்பிடி வைக்க அனுமதி கேட்டுப் போனார். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவினர் கையை விரித்துவிட்டார்கள். முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவராம், துளை போட்டால் பூச்சே பெயர்ந்துவிடுமாம். பொய் என்று சொல்லவும் வழியில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தச் சுவரைத் தடவிக் காட்டிப் பெருமையடித்தவரே அவர்தானே! நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் தம் குருவை வீட்டுக்கு அழைத்து வந்தார். குரு அவரைவிட வயதில் சிறியவர். முத்தியால்பேட்டையில் சின்ன மடம், பேச்சும் சின்னதுதான்.

படி ஏறும்போது தெய்வசிகாமணி குருவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்து வாங்க சாமி. படி தேஞ்சிருக்கு.”

வீடு பார்க்க வருகிற எல்லோரையும் இவர் இப்படித்தான் கூட்டி வருவார் என்று மாடியில் பூங்காவனம் சிரித்துக்கொண்டே சொன்னாள். போன வாரம் ஒரு பிரெஞ்சுக் கிழவியைக்கூடக் கைபிடித்து ஏற்றி இறக்கினாராம். சிரித்தாளே தவிர, அவள் முகம் கடல் தெரிகிற ஜன்னல் பக்கமே இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

குரு காபி குடித்து முடித்ததும் தெய்வசிகாமணி கேட்டார்.

“சாமி, வீட்டைக் காப்பாத்தினா இவ மாடியிலேயே கிடக்கிறா. இவளைக் காப்பாத்தணும்னா சுவத்தை உடைக்கணும். நான் எதைக் காப்பாத்த?”

குரு எழுந்தார். “கடற்கரைக்குப் போகலாமா?” என்று கேட்டபடி படியருகே போனார்.

தெய்வசிகாமணி வழக்கம்போல முந்திக்கொண்டு ஒரு படி இறங்கி, சுவரில் தோளைச் சாய்த்து நின்று கையை நீட்டினார். “பாத்து வாங்க சாமி.”

குரு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. திரும்பி, பூங்காவனத்தை வரச்சொன்னார். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் கையை எடுத்து, பெண்ணைப் பெற்றவர் மணவறையில் பிடித்துக் கொடுப்பதுபோல, நீட்டியிருந்த கையில் வைத்தார்.

“சுவத்துல கைப்பிடி வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க ஐயா,” என்றார் குரு. “கைப்பிடிச்சவர் கூட வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே.”

தெய்வசிகாமணி ஒரு படி இறங்கினார். அவளும் இறங்கினாள்.