பஸ்ஸை மறக்காத மூவர்

பொற்கொடிக்கு நடந்த அநியாயம் இதுதான்: பி.எட். கடைசிப் பரீட்சைக்கு அவள் போகவேண்டிய பஸ் தெருமுனைக்கு வந்து நின்றது. புருஷன், மாமனார், கொழுந்தன் மூன்று பேரும் அதன் எதிரிலேயே நின்றார்கள். ஆனாலும் அவளை விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது.

அந்த வீட்டில் ஞாபகம் வைப்பது மருமகள் வேலை. மாமனார் சடையப்பனின் மாத்திரை, புருஷன் தங்கராசுவின் வண்டிச்சாவி, கொழுந்தன் குழந்தைவேலு எந்த வேலைக்குக் கிளம்பினான் என்பது, எல்லாம் அவள் மண்டைக்குள்தான். ஆண்பிள்ளைகளின் தலைகள் சீப்புக்காக மட்டும் இருந்தன.

பரீட்சை நாளானாலும் மூவருக்கும் மதியச் சோறு வடிக்காமல் கிளம்ப முடியுமா? கஞ்சியை வடித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, மினி பஸ் முனையில திரும்பும்போது கொஞ்சம் நிறுத்தணும். அதை விட்டா மத்தியானம்தான். மறந்துடாதீங்க."

"மறக்கவே மாட்டோம்மா!"

மூவரும் முனையில் மாநாடு போட்டார்கள்.

"எப்படிடா மறக்காம இருக்கிறது?"

"வேற எதையும் நினைக்கக் கூடாதுப்பா," என்றான் தங்கராசு.

"கண்ணைத் திறந்து வச்சா போறது வர்றதெல்லாம் உள்ள ஏறிடுமேண்ணே," என்றான் குழந்தைவேலு.

"அப்ப மூடிக்குவோம்."

நடுரோட்டில் வரிசையாக நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். மினி பஸ் வந்தது. வழி இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் இறங்கினார்.

"யோவ், ஏறப்போறீங்களா, என்ன?"

"சும்மா இருங்க. முக்கியமான விஷயத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கோம்."

"என்ன விஷயம்?"

"பஸ்ஸை நிறுத்தணும்."

"அதான் நின்னுக்கிட்டு இருக்கே!"

சடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சுக் குடுத்தே மறக்கடிச்சுடுவான் போலிருக்கே! முதல்ல இந்த வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லுடா. இந்தச் சத்தத்துல பஸ்ஸே மறந்துடும்."

கண்ணைத் திறக்காமலே மூவரும் ஓரமாக நகர்ந்து, மரியாதையாக வழிவிட்டார்கள்.

பொற்கொடி பையோடு ஓடிவந்தபோது புழுதிதான் மிச்சம்.

"பஸ் எங்க மாமா?"

"இங்கேயேதான் இருக்கும்மா," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "பத்திரமா."

ஓடினாள், ஒரு டிராக்டரைக் கைகாட்டி ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது பரீட்சைக் கூடத்துக் கேட்டை மூடிவிட்டிருந்தார்கள். "ஆறு மாசம் கழிச்சு வாம்மா," என்றார் காவல்காரர்.

சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் தங்கராசு குறைப்பட்டுக்கொண்டான். "ஒரு நொடிகூட மறக்கலை நாங்க. ஒரு நல்ல வார்த்தை உண்டா உங்கிட்ட?"

"படிச்சவங்கல்ல அண்ணே, எப்படி வரும்?" என்றான் குழந்தைவேலு.

பொற்கொடி பையை ஆணியில் மாட்டினாள். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கு வைத்தாயிற்று. மூவரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பு சில்லென்று கிடந்தது.

"ஏம்மா, சோறு ஆக்கணுமே, மறந்துட்டியா?"

"மறப்பேனா மாமா? காலையிலேர்ந்து அதைத்தான் ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கேன். பேச்சுக் குடுக்காதீங்க."

சடையப்பன் பதறிப்போய் மகன்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"டேய், வயிறு உருள்ற சத்தம் வெளியில கேக்காமப் பாத்துக்குங்கடா. பாவம், அவ மறந்துடப் போறா."