கொடுக்கன் பார்க்காத பக்கம்

ஆவாரங்காட்டுக் குளத்தில் கொடுக்கன் என்று ஒரு நண்டு இருந்தான். ஆள் சின்னவன்தான். கெத்து மட்டும் யானைக்கு உண்டானது.

அது மீன்கூட இல்லாத சின்னக் குளம். தவளைகள், நத்தைகள், நண்டுகள், ஒரே ஓர் ஆமை, அவ்வளவுதான் குடித்தனம். மேற்கே மலை உச்சியில் ஒரு சுனை இருக்கிறது, அதில் ஒரு முறை முங்கி எழுந்தால் மனசு தெளியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அங்கே போய்த் திரும்பியவருக்குக் குளத்து நடுவிலுள்ள வட்டப்பாறையில் உட்கார இடம் உண்டு. 'சுனையார்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆனால் எத்தனையோ வருஷமாக யாரும் போகவில்லை. பாறையில் பாசிதான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

கொடுக்கனுக்கு அந்தப் பாறைமேல் கண். மனசு தெளிகிறதோ இல்லையோ, பாறை கிடைத்தால் போதும் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிவிட்டான்.

நண்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில்தான். மேற்கே போகிற நண்டு ஒன்று தெற்கே பார்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் வடக்கே பார்த்துக்கொண்டு போகும். கொடுக்கன் தெற்கே முகம் வைத்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நண்டுக் குலத்தில் ஒரு விரதம் இருந்தது. யாத்திரை புறப்படும்போது முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அதே முகத்தோடுதான் வீடு வந்து சேர வேண்டும். நடுவில் திருப்பினால் போன புண்ணியம் அத்தனையும் போச்சு.

அதுதான் கண் இரண்டும் குச்சி மேல் நிற்கிறதே, அதையாவது சுழற்றிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம்தான். கண்ணையும் அசைக்கக் கூடாது என்று கொடுக்கன் விரதத்தில் தானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டான். கடும் விரதம் என்றால் பேர் இன்னும் பெரிதாகக் கிடைக்கும் அல்லவா?

மூன்று நாளில் மலை ஏறினான். சுனையில் முங்கினான். முங்கும்போதும் தெற்கேதான் பார்த்தான். போகும்போது வலப்பக்கமாக நடந்தவன், வரும்போது இடப்பக்கமாக நடந்தான். வேறு ஒரு மாற்றமும் இல்லை. ஆறு நாள் நடந்த பிள்ளை, போக வர ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது.

குளத்தில் பிரமாதமான வரவேற்பு. தவளைகள் தொண்டை கட்டும்வரை கச்சேரி வைத்தன. அந்தக் குளத்துக்கு நாட்டாமை அந்த ஆமைதான். அவரே பாசியைத் துடைத்து, பாறையைக் காட்டி, "உட்காருங்க சுனையாரே" என்றார். கொடுக்கன் உட்கார்ந்தான். சுனை எப்படி நிரம்பி வழிகிறது, தான் எப்படி முங்கினோம் என்று ஒரு பகல் முழுக்கப் பேசினான். அன்றிலிருந்து யாராவது வெறுமனே 'கொடுக்கா' என்று கூப்பிட்டால் அவனுக்குக் காது கேட்காது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியில் குளம் பாதியானது. சித்திரையில் வட்டப்பாறையைச் சுற்றி ஒரு குட்டைதான் மிச்சம். நாட்டாமை எல்லோரையும் கூட்டினார். எல்லோருமாக மலைச் சுனைக்குப் போய்விடலாமா என்று சுனையாரிடம் யோசனை கேட்டார்.

கொடுக்கன் கண்ணை மூடித் திறந்தான். வழி நெடுக வெறும் பாறையும் முள்ளும்தான், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பேச்சுத் துணைக்கு ஓர் உயிர் கிடையாது, நாலு எட்டு வைப்பதற்குள் தவளைகள் வற்றலாகிவிடும் என்றான். தான் போய் வந்தது விரத பலத்தால் என்றும் சொல்லிக்கொண்டான். சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருப்பதே நல்லது என்று முடித்தான். எதிர்ப்பேச்சு கிடையாதே. நாட்டாமை மனசில்லாமல் தலையை ஆட்டினார்.

அந்தக் கூட்டத்தில் மெல்லாயி என்று ஒரு நத்தை இருந்தாள். அவளுக்குப் போன வாரம்தான் இருபத்தேழு குஞ்சுகள் பொரித்திருந்தன. ஒவ்வொன்றின் ஓடும் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. சேறு காய்ந்தால் பெரியவர்கள் தாங்குவார்கள், தன் பிள்ளைகள் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

"நாட்டாமை, எதிர்த்துப் பேசல. ஒரு சந்தேகம் கேக்குறேன். சுனை நிரம்பி வழியுதுன்னு அண்ணன் சொன்னாரு. வழியிற தண்ணி கீழதானே வரணும்? அது எங்க போகுது?"

ஒரு தவளை மட்டும் விக்கியது.

கொடுக்கனுக்கு வந்ததே கோபம். நான் ஆறு நாள் நடந்தவன், நீ ஆயுசுக்கும் ஆறு முழம் நடந்திருப்பாயா என்று எகிறினான். நாட்டாமை சாது, ஆனால் விவரமானவர். எதிர்த்துப் பேசத்தான் கூடாது, கூடப் போய்ப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லையே என்றார். சுனையாரே மெல்லாயியை முதுகில் ஏற்றிப் போய் வழியைக் காட்டிவிட்டு வரட்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவள் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று கொடுக்கனும் ஒத்துக்கொண்டான். இருபத்தேழு குஞ்சுகளும் நாட்டாமையின் ஓட்டுக்கு அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. அவள் திரும்பி வரும்வரை அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே கிடந்தார்.

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். கொடுக்கன் வழக்கம்போலத் தெற்கே முகம் வைத்தான். மெல்லாயி முகத்தில் வெயில் படாமல் இருக்க வடக்கே பார்த்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம், அதற்குமேல் அவளிடம் ஒரு திட்டமும் இல்லை.

அரை நாள் போனது. கொடுக்கன் பாறையைக் காட்டினான், முள்ளைக் காட்டினான், பார்த்தாயா பார்த்தாயா என்றான். உச்சி வெயில் ஏறும் நேரத்தில் மெல்லாயியின் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

"அண்ணே, நில்லுங்க. இங்க ஓடை ஓடுது."

கொடுக்கன் சிரித்தான். வெயில் தலைக்கேறிவிட்டது என்றான். அவளோ, அதோ அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்தில் ஓடை வடக்கே திரும்பிவிடுகிறது, அதனால்தான் நம் குளத்துக்கு வரவில்லை, மேலே மலைவரைக்கும் இந்த வழியோடேயே கூட வருகிறது, நாலு சாண் தள்ளித்தான் இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். தண்ணீர்ச் சத்தம் அவனுக்கும் கேட்டது. முதல் தடவையும் கேட்டதுதான். பசியில் தன் வயிறு இரைகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கண்ணே" என்று மெல்லாயி கெஞ்சினாள்.

கொடுக்கன் அசையவில்லை. பயந்துவிட்டான் பாவம். திரும்பினால் விரதம் போச்சு. விரதம் போனால் புண்ணியம் போச்சு. புண்ணியம் போனால் பாறை போச்சு. அதைவிட, திரும்பிப் பார்த்து அங்கே நிஜமாகவே ஓடை இருந்துவிட்டால்? ஊரையே சேற்றில் புதையச் சொன்ன தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"என்னால முடியாது" என்றான்.

"உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. எனக்கு இருபத்தேழு பிள்ளைங்க" என்றாள் மெல்லாயி. முதுகிலிருந்து இறங்கிக் கொண்டாள்.

நத்தை நாலு சாண் போவதென்றால் சும்மாவா? கொடுக்கன் தெற்கே பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பின்னால் சரசரவென்று இலை நகர்ந்தது. பிறகு 'களுக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

மெல்லாயி என்று கூப்பிட்டான். பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டான். பதில் இல்லை. தவறி விழுந்துவிட்டாளோ? தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டதோ? அந்தக் குஞ்சுகளுக்கு யார் பதில் சொல்வது? பாறை, பேர், புண்ணியம் எல்லாம் ஒரு நொடியில் மறந்து போனது. அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

மெல்லாயி ஓடைக்கரையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, வாயைத் தண்ணீரில் வைத்து, உலகமே மறந்து குடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வாள்?

கொடுக்கன் அப்படியே நின்றுவிட்டான். ஓடை பளபளவென்று ஓடியது. கரை முழுக்கக் கோரைப்புல். நிழலுக்கு நாவல் மரம். தட்டாம்பூச்சிகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. மரத்தில் ஒரு கூட்டம் தவிட்டுக் குருவிகள் ஒன்றையொன்று பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவனைப் பார்த்துவிட்டது.

"அட, நம்ம விறைப்பு நண்டு! போன தடவை வாப்பா தண்ணி குடின்னு கத்திக் கத்திக் கூப்பிட்டோமே. கழுத்து சுளுக்கோன்னு நெனச்சோம்" என்றது.

நண்டுக்குக் கழுத்தே கிடையாது என்று இன்னொரு குருவி திருத்தியது. மரமே சிரித்தது. கொடுக்கனுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் வாயில் நுரைதான் வந்தது. இத்தனையும் தன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, தான்தான் இல்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. தண்ணீரில் இறங்கி வயிறு முட்டக் குடித்தான். பிறகு மெல்லாயியை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்தை நோக்கி ஒரே ஓட்டம். இந்தத் தடவை முகம் வடக்கே.

பொழுது சாய்வதற்குள் குளம் வந்துவிட்டது. எல்லோரும் சேற்றில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கன் வட்டப்பாறையில் ஏறவில்லை. குட்டையின் ஓரத்திலேயே நின்றான்.

"நான் பார்த்தது பாதி வழிதான். பார்க்காத பாதியை இல்லைன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. தண்ணி இருக்கு, எல்லாரும் கிளம்புங்க" என்றான்.

பாறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி நாட்டாமையைப் பார்த்துக் கும்பிட்டான். நாட்டாமை அவனை மேலும் கீழும் பார்த்தார். போன தடவை நீ ஒரு பகல் முழுக்கப் பேசினாய், பாதிப் பேர் தூங்கிவிட்டோம், இன்றைக்கு நாலே வார்த்தை பேசினாய், ஒருத்தருக்கும் தூக்கம் வரவில்லை, யாத்திரை போய்விட்டு வந்தவன் மாதிரி இப்போதுதான் இருக்கிறாய் என்றார். கொடுக்கனுக்கு அந்தப் பேச்சு வட்டப்பாறையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் விடியலில் குளமே கிளம்பியது. பெரிய தவளைகள் வாயில் தண்ணீர் கொண்டுவந்து வழியில் சின்னவர்கள்மேல் தெளித்தன. இருபத்தேழு குஞ்சுகளும் கொடுக்கன் முதுகில். அவன் பத்து எட்டு தெற்கே பார்த்து நடப்பான், சுழன்று திரும்பி, பத்து எட்டு வடக்கே பார்த்து நடப்பான். ஒவ்வொரு சுழற்சிக்கும் குஞ்சுகள் கிறுகிறுத்துப் போய், இன்னொரு தடவை மாமா, இன்னொரு தடவை என்று கத்தின. இப்படிச் சுற்றியதில் அவன் ஊரிலேயே கடைசி ஆளாகத்தான் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஓடையோடு ஓடையாக மலை ஏறிச் சுனையிலும் எல்லோரும் முங்கினார்கள். கொடுக்கன் தண்ணீருக்குள் நாலு திசையும் சுற்றிச் சுற்றி முங்கினான். சுனையில் முங்கினால் மனசு தெளியும் என்று சொன்னது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆடியில் மழை கொட்டியது. குளம் நிரம்பி, எல்லோரும் வீடு திரும்பினார்கள். இப்போது குளத்தில் தவளையும் சுனையார், நத்தையும் சுனையார், இருபத்தேழு குஞ்சும் இருபத்தேழு சுனையார். வட்டப்பாறையில் கால் வைக்க இடமில்லை. கொடுக்கன் கீழே தண்ணீரில் நின்றுகொண்டு, எங்கேயாவது போய்வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, அந்தப் பக்கம் என்ன இருந்தது, இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று ஆசை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் 'கொடுக்கா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், முதல் குரலுக்கே திரும்புவான்.

பிள்ளைகளே, எத்தனை தூரம் போய் வந்தாலும், தன் முகத்தைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்க்கத் துணியாதவன் கிளம்பின இடத்திலேயேதான் நிற்கிறான்.