கொடுக்காயி அத்துவிட்ட கூடு

அல்லிக்குளத்துல ஒரு நண்டு இருந்தா. பேரு கொடுக்காயி. அன்னைக்கு அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். ஆனா மூஞ்சிய மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. ஏன்னா எதுத்தாப்புல அவ சிநேகிதி குமிழி அழுதுக்கிட்டு இருந்தா.

குமிழி ஒரு முக்குளிப்பான். தெரியும்ல? வாத்தைச் சுருக்கிப் பிடிச்ச மாதிரி குட்டியா இருக்கும். ஆளைக் கண்டா இங்க முங்கி அங்க எந்திரிக்கும். அவ புருசன் பேரு முங்கன். ரெண்டு பேரும் தண்ணி மேலயே கூடு கட்டிக் குடியிருந்தாங்க. பாசியும் தழையும் குவிச்சு மிதக்கவிட்டு, கோரையைக் கயிறா முறுக்கி, பக்கத்து நாணல்ல கட்டிப் போட்டிருந்தாங்க. படகு மாதிரி ஆடிக்கிட்டே கெடக்கும்.

அந்தக் கூட்டுல ஒரு தொல்லை. ஊற ஊற அமுங்கும். புதுத் தழை போட்டுக்கிட்டே இருக்கணும். அது முங்கன் வேலை. ஒரு நாள் மறந்துட்டான். குமிழி உக்காந்த வாக்குலயே கழுத்து வரைக்கும் தண்ணியில எறங்கிட்டா. அதைப் பாத்துட்டு அவன் சிரிச்சான் பாருங்க, அதுதான் வினை. முக்குளிப்பான் சிரிப்புன்னா சும்மாவா? குதிரை கனைக்கிற மாதிரி குளம் பூரா கேக்கும். கரையில மேஞ்ச எருமை கூட வாயில இருந்த புல்லை விட்டுட்டுத் திரும்பிப் பாத்துச்சு.

"போதும்க்கா," குமிழி மூக்கை உறிஞ்சினா. "நான் அழுதாலும் சிரிப்பு, விழுந்தாலும் சிரிப்பு. எனக்கும் அந்த ஆளுக்கும் அத்துப் போச்சு. இனிமே அவன் தெக்கே, நான் வடக்கே."

"அப்படிச் சொல்லு புள்ள," கொடுக்காயி எடுத்துக் கொடுத்தா. "அவனெல்லாம் ஒரு ஆளா?"

இப்படித்தான் ஒரு கொக்கு பக்கத்து ஏரிக்கு வாக்கப்பட்டுப் போயி, போன வேகத்துல திரும்பி வந்துட்டா. என்னடின்னு கேட்டா, "நான் பாத்து வச்ச மீனையே மாமியாளும் பாத்துக்கிட்டு நிக்கிறா"ன்னாளாம். அதுக்கு ஊரே கூடிப் பேசி, மாமியாளை வேற மடைக்கு அனுப்பி வச்சாங்க. அது கெடக்கட்டும். நம்ம கொடுக்காயிக்கு எதுக்கு இவ்வளவு சந்தோசம்? அதைச் சொல்லணும்ல.

நண்டு வளந்தா ஓடு பத்தாது. பழசைக் கழட்டிட்டு, புது ஓடு இறுகுற வரைக்கும் கல்லுக்கடியில ஒளிஞ்சிருக்கணும். அந்த நேரத்துல யாரும் பாக்கக் கூடாது. பாத்தாலும் பாக்காத மாதிரிப் போயிரணும். அதுதான் குளத்து மரியாதை. ஆனா போன மழைக்கு முங்கன் ஒரு இறாலைத் தொரத்திக்கிட்டு வந்து, நேரா அவ கல்லைப் பொரட்டிட்டான்.

"ஏ மதினி," அவன் கண்ணு விரிஞ்சு போச்சு. "என்ன இது, வேகாத இட்லி மாதிரி?"

சொல்லிட்டு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து தலைப்பிரட்டைங்க எல்லாம் அவளை "இட்லியக்கா"ன்னுதான் கூப்புட்டுச்சுங்க. முங்கன் அன்னைக்கே மறந்துட்டான். கொடுக்காயி மறக்கல. ஓடு இறுகுறப்ப அந்தச் சிரிப்பையும் உள்ள வச்சே இறுகிப் போச்சு.

குமிழி தெனமும் வந்து அழுவா. கொடுக்காயி ஒண்ணுக்கு ரெண்டாக் கூட்டிச் சொல்லி அழ வைப்பா. கொஞ்ச நேரத்துல குமிழி, "நேரமாச்சுக்கா"ன்னு திடீர்னு கெளம்பிருவா.

"எங்கடி போற?"

"சும்மாதான். ஒரு வேலை."

"உனக்காக நான் ஏதாச்சும் செய்யட்டா?"

"நீ காது குடுத்துக் கேட்டாலே போதும்க்கா."

"நண்டுக்கு ஏதுடி காது? கொடுக்குதான இருக்கு," அப்படின்னா கொடுக்காயி.

இதைக் கேட்டுக்கிட்டு அல்லி இலையில ஒரு சொறித்தவளை உக்காந்திருந்தான். பேரும் சொறியன்தான்.

"யக்கா, இதுல நீ தலையிடாத. எங்க சித்தப்பா இப்படித்தான் கெளுத்தி வீட்டுச் சண்டையில நியாயம் பேசப் போனாரு. அதுங்க ராசியாயிருச்சுங்க. இப்ப சித்தப்பாகிட்டதான் ரெண்டு பேரும் பேசுறதில்ல."

"என் சிநேகிதி அழுறா. நான் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அழுறது அவ. பல்லைக் கடிக்கிறது நீ. அதான் எனக்குப் புரியல."

"போடா, சொறிஞ்சுக்கிட்டு இரு," ன்னு அனுப்பிட்டா. ஆனா அந்தப் பேச்சு முள்ளு மாதிரி உள்ள நின்னுச்சு. குமிழிக்காகவா, எனக்காகவா? நாலு காலு போன்னுச்சு, நாலு காலு வேண்டாம்னுச்சு. நண்டு நேரா யோசிச்சாலும் பக்கவாட்டுலதான நடக்கும்? கடைசியில கூட்டுப் பக்கம்தான் போனா. குமிழிதான் வாய் விட்டுச் சொல்லிட்டாளே, அத்துப் போச்சுன்னு. மிச்சம் இருக்குறது அந்தக் கோரைக் கயிறு மட்டும்தான். அதையும் அத்துவிட்டா, முங்கனுக்கு வீடு இல்ல. அப்ப சிரிக்கட்டும் பாப்போம்.

கூட்டுல ஆளைக் காணோம். எட்டிப் பாத்தா, ஈரத் தழை குப்பை மாதிரி குமிஞ்சு கெடந்துச்சு.

"பாழடைஞ்ச வீடு," ன்னு சொல்லிட்டு, கயித்தை ஒவ்வொண்ணா நறுக்குனா.

கூடு ஒரு சுத்து சுத்திட்டுக் கெளம்புச்சு. வயலுக்குத் தண்ணி தொறந்துவிட்டிருந்தாங்க. இழுப்பு மதகுப் பக்கம். கொடுக்காயி பாறையில ஏறி நின்னு, ரொம்ப நாளைக்கப்பறம் சிரிச்சா.

அப்பத்தான் வடக்கேருந்து குமிழி வந்தா. கூடு இருந்த எடத்தைப் பாத்தா. கத்துன கத்துல கொடுக்காயி சிரிப்பு நின்னு போச்சு.

"ஐயோ, என் முட்டை!"

"முட்டையா? அதுல ஏதுடி முட்டை? வெறும் குப்பைதான கெடந்துச்சு."

"குப்பையைப் போட்டு மூடித்தானக்கா இரை தேடப் போவோம். பாம்பு கண்ணு படக் கூடாதுன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"முட்டை கூட்டுல இருக்குறப்ப எங்க கூட்டத்துல யாரும் அதைப் பத்தி வெளிய வாயத் தொறக்க மாட்டோம். அந்த ஆளும் நானும் பேசிக்காமலேதான் மாறி மாறி அடைகாத்தோம். அவன் வந்தா நான் போவேன், நான் வந்தா அவன் போவான்."

தெனமும் "நேரமாச்சு"ன்னு ஓடுனது இதுக்குத்தான். கொடுக்காயி பாறையில இருந்து எறங்கித் தண்ணியோரமா ஓடுனா.

தெக்கேருந்து முங்கனும் வந்துட்டான். புருசனும் பொண்டாட்டியும் கூட்டை நெஞ்சால முட்டித் தள்ளிப் பாத்தாங்க. தண்ணி இழுப்பு கேக்கல. மதகுக் கம்பி பக்கத்துல வந்துருச்சு. கம்பிக்கு நடுவுல ஒரு கூடு போற அளவுக்குச் சந்து. அந்தாண்டை போனா வாய்க்கால்ல விழுந்து செதறிரும்.

"முங்கா, முதுகைக் காட்டு," கொடுக்காயி கத்துனா.

"எதுக்கு மதினி?"

"ஏறணும்யா. கடிக்க மாட்டேன். நீந்து."

முக்குளிப்பான் முதுகுல குஞ்சு சவாரி போறதைப் பாத்திருக்கோம். நண்டு சவாரி போனது அன்னைக்குத்தான். சொறியன் வாயத் தொறந்தவன் மூடவே இல்ல. ஒரு கொசு உள்ள போயிட்டு வெளிய வந்துச்சுன்னு சொல்லுவாங்க.

கொடுக்காயி கூட்டுல தாவுனா. ஒரு கொடுக்குல கூட்டோட அறுந்த கயித்தைப் பிடிச்சா. இன்னொண்ணுல மதகுக் கம்பியைப் பிடிச்சா. தண்ணி அந்தாண்டை இழுக்குது, இவ இந்தாண்டை இழுக்குறா. முங்கனும் குமிழியும் ஓடி ஓடிக் கோரை கொண்டாந்தாங்க. "அங்க சுத்து, இங்க முடிச்சுப் போடு"ன்னு, பேசவே மாட்டேன்னவங்க அம்புட்டு பேசுனாங்க. கடைசி முடிச்சு விழுந்தப்ப, கம்பியைப் பிடிச்ச கொடுக்கு பொட்டுன்னு ஒடிஞ்சு தண்ணியோட போயிருச்சு. கூடு நின்னுருச்சு.

முங்கன் தழையை விலக்கிப் பாத்தான். முட்டைங்க அப்படியே இருந்துச்சு. அவன் சிரிக்கல. அவனுக்குச் சிரிப்பு வராததைக் குளம் அன்னைக்குத்தான் பாத்துச்சு.

"யாரு கயித்தை அறுத்தது?" ன்னான்.

"நான்தான்," ன்னா கொடுக்காயி.

குமிழி அவளையே பாத்தா. "எனக்காகவா செஞ்சக்கா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"உனக்காகன்னுதான் சொல்லிக்கிட்டேன். இல்ல புள்ள. இவன் ஒரு நாள் என்னைப் பாத்துச் சிரிச்சான். அதுக்காக."

"நானா? எப்ப?" முங்கன் முழிச்சான்.

"இட்லின்னு சொன்னியே."

அப்பத்தான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. தலையைத் தொங்கப் போட்டான். "அது இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது மதினி. மன்னிச்சுக்க."

குமிழி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு முட்டை மேல போயி உக்காந்துட்டா. கொடுக்காயிக்கு அதுதான் ஒடிஞ்ச கொடுக்கை விட வலிச்சுச்சு.

குஞ்சு பொரிச்சுச்சு. புருசனும் பொண்டாட்டியும் சேந்துட்டாங்களான்னு கேப்பீங்க. இல்ல. குஞ்சுங்களை ஆளுக்குப் பாதியா முதுகுல ஏத்திக்கிட்டு, அவன் தெக்கே, இவ வடக்கேதான். ஆனா சாயங்காலம் நடுக்குளத்துல குஞ்சுங்களை வெளையாட விட்டுட்டு, ரெண்டு பேரும் மழையைப் பத்தி மட்டும் பேசிக்குவாங்க. சண்டை இல்லாத பிரிவு. அதை அவங்களே பேசி முடிச்சுக்கிட்டாங்க.

கொடுக்காயி பக்கம் குமிழி எட்டியே பாக்கல. இவளும் கூப்புடல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுவா? வளைக்குள்ளயே கெடந்தா. அப்பறம் ஒரு நாள் காலையில வாசல்ல தண்ணி சலசலன்னுச்சு. முதுகுல குஞ்சுங்களோட குமிழி நின்னா.

"யக்கா, அந்த ஆளு இருக்கானே, நேத்து என்ன செஞ்சான் தெரியுமா?"

கொடுக்காயிக்கு வாயெல்லாம் ஊறுச்சு. சொல்றதுக்கு ஆயிரம் இருந்துச்சு. அத்தனையையும் முழுங்கிட்டு, நகந்து எடம் விட்டா.

"உள்ள வா புள்ள. உக்காந்து சொல்லு."

சிநேகிதிக்காகச் சண்டைக்குப் போறோம்னு கெளம்புறவங்க, அதுக்குள்ள நம்ம பழைய கோவம் ஒளிஞ்சிருக்கான்னு மொதல்ல பாத்துக்கணும், ஏன்னா அந்தக் கோவம் எதிரியைத் தேடிப் போயி சிநேகிதி வீட்டைத்தான் அறுக்கும்.