மொட்டை மரத்தில் ஏறிய குஞ்சுகள்

ஓர் ஏரிக்கரைக் கோரைப் புதரில் தாழைக்கோழி ஒன்று வசித்தது. தாயை இழந்த குஞ்சுகளை வளர்ப்பது அதன் வேலை. பருந்து தூக்கிய தாயோ, வலையில் மாட்டிய தாயோ, யாருடைய குஞ்சானாலும் கடைசியில் அந்தப் புதருக்குத்தான் வந்து சேரும்.

இந்தக் காப்பகத்தை முதலில் தொடங்கியவை செங்கால் நாரைகள். அவை கடல் தாண்டி, வேறொரு கண்டத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் பறவைகள். குளிர்காலம் முழுவதும் தங்கிக் குஞ்சுகளுக்கு இரை பிடித்துக் கொடுக்கும். உள்ளூர்ப் பறவைகளும் கூடவே உழைக்கும். "நாம் எல்லோரும் உடன்வேலையாட்கள்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் கூட்டம் கூடினால் பெரிய நாரை மருதமரத்தின் உச்சிக் கிளையில் உட்காரும். உள்ளூர்த் தலைவரான நீர்க்காகம் அடிக்கிளையில் உட்கார்ந்து தலையாட்டும்.

அந்த ஆண்டு பெரிய நாரை சொன்னது: "குஞ்சுகள் புதருக்குள் அடைந்து கிடப்பது நல்லதல்ல. கரையில் நிற்கிறதே மொட்டை மரம், அதன் உச்சியில் கூடு கட்டுங்கள். எங்கள் நாட்டில் உயரத்தில், வெயில் படும்படிதான் வளர்ப்போம். குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கும்! எல்லோருக்கும் சம்மதமா?"

"சம்மதம் ஐயா! அருமையான யோசனை ஐயா!" என்றது நீர்க்காகம்.

தாழைக்கோழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீர்க்காகத்தின் காதருகே போய், "அண்ணே, இது மாசி வெயிலு! மொட்டை மரத்துல வச்சா பிள்ளைங்க கருகிப் போயிடும். சொல்லுங்கண்ணே!" என்றது.

"சும்மா இரு தங்கச்சி! இவ்வளவு தூரம் பறந்து வந்தவங்க மனசு நோகக் கூடாது."

"அவங்க மனசு நோகக் கூடாது, பிள்ளைங்க உடம்பு வெந்தாப் பரவாயில்லையா?"

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம். முதல்ல பாராட்டுக் கூட்டம் முடியட்டும்!"

மொட்டை மரத்தில் கூடு ஏறியது. குஞ்சுகளும் ஏறின.

மறுநாள் உச்சி வேளையில் நாரைகளுக்குப் பாராட்டுக் கூட்டம். மருதமர நிழலில் நீர்க்காகம் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. பெரிய நாரைக்குப் போட, ஏரியிலிருந்து அப்போதுதான் பறித்த அல்லிக்கொடி மாலை தயாராக இருந்தது.

தாழைக்கோழியோ மொட்டை மரத்தில் தன் குட்டிச் சிறகை விரித்து நின்றது. அந்த நிழல் இரண்டு குஞ்சுகளுக்கே போதவில்லை. மற்றவை வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. எல்லாவற்றிலும் சிறிய கொக்குக் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

"ஆண்டவரே, இந்தப் பெரியவங்களை நான் என்னதான் செய்யட்டும்!" என்று முணுமுணுத்தபடி தாழைக்கோழி கூட்டத்தின் நடுவே வந்து விழுந்தது.

"பேச்சை நிறுத்துங்க! அங்க பிள்ளை சாகுது!"

"தங்கச்சி, நன்றியுரை இன்னும் பாக்கி…"

"உங்க நன்றியுரையில தீயை வைக்க!"

பெரிய நாரை திடுக்கிட்டது. "ஏன்? என்ன ஆயிற்று?"

"என்ன ஆயிற்றா? உங்க ஊரு வெயில் குளிர் காயற வெயிலு. எங்க ஊரு வெயில் வறுத்து எடுக்கிற வெயிலு! வெட்டவெளியில வச்சா எந்தக் குஞ்சு தாங்கும்?"

நாரைக்கும் கோபம் வந்துவிட்டது. "அதை ஏன் யாரும் சொல்லவில்லை? சம்மதமா என்று கேட்டேனே! வருடா வருடம் கேட்கிறேன். வருடா வருடம் தலையாட்டுகிறீர்கள்! நான் என்ன கடவுளா, சொல்லாமலே தெரிந்துகொள்ள?"

"உச்சிக் கிளையில உட்கார்ந்துகிட்டுக் கேட்டா சம்மதம்னுதான் பதில் வரும். பக்கத்துல வந்து கேட்டீங்களா? இந்த அண்ணனைச் சொல்லணும், வாயில மீனை வச்சிருக்கிற மாதிரியே நிக்கிறாரு! சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், வாங்க!"

எல்லோரும் பறந்தார்கள். பெரிய நாரை தன் அகன்ற சிறகை விரித்துக் கூடு முழுவதற்கும் நிழல் கொடுத்தது. மற்ற நாரைகள் நீண்ட அலகால் குஞ்சுகளைப் பூப்போல எடுத்து, தாழைக்கோழி காட்டிய இடத்தில், கோரைப் புதரின் ஈரத்தில் இறக்கின. நீர்க்காகம் ஏரியில் முங்கி முங்கி வந்து சிறகைச் சிலிர்த்துத் தண்ணீர் தெளித்தது. ஈரம் காயாத அந்த அல்லி மாலையைக் கொக்குக் குஞ்சின் மேல் சுற்றினார்கள்.

வெகுநேரம் குஞ்சு அசையவே இல்லை. கடைசியில் ஒரு கண் திறந்தது. பிறகு அலகு திறந்தது. "மீன்!" என்று கத்தியது.

பெரிய நாரை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தாழைக்கோழியும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, உங்க ஊர்ல தாயில்லாப் பிள்ளைங்க இல்லையா?" என்று கேட்டது.

நாரை தயங்கியது. "இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கூடுகள் பாதி காலி. கிழடுகள் நாங்கள்தான் மிச்சம்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"கொடுக்க வந்தவன் வாய்திறந்து எப்படிக் கேட்பது?"

"அட போங்கய்யா! இவரு சொல்ல மாட்டாரு, நீங்க கேட்க மாட்டீங்க. நல்ல உடன்வேலையாட்கள்!"

நீர்க்காகம் தொண்டையைச் செருமியது. தலையை ஆட்டவில்லை. "ஐயா, குளிர் தாங்கற உடம்பு எங்களுக்கு இல்லை. அதனால உங்க ஊர்க் கோடைக்கு, பிள்ளைங்களைப் பார்த்துக்க வர்றோம். நானும் இன்னும் சில பேரும். ஆனா அங்க எங்களுக்கு எதுவும் தெரியாது. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்."

"வாருங்கள்," என்றது நாரை. "எங்களுக்கு நீங்கள் வேண்டும்."

ஆண்டவர் தந்த வேலையில் ஒருவர் கட்டளையிட, மற்றவர் தலையாட்டிக்கொண்டே இருந்தால் சின்னஞ்சிறியவர்களே வாடுவார்கள். தெரிந்ததைத் தயங்காமல் சொல்லி, தன் குறையையும் மறைக்காமல் கேட்கிறவர்களே மெய்யான உடன்வேலையாட்கள்.