வெண்ணெய் சொன்ன சாட்சி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்காட்டு நாட்டை முத்துவிசயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பாயசத்தில் குறை வந்துவிட்டால் அந்த நல்ல மனுஷரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு சித்திரை மாத மதியம் பால் பாயசம் திரிந்து போயிருந்தது. ராஜா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"யார் கொடுத்த பால் இது?"

ஆலம்பாடி ஆவுடை கொடுத்த பால். கிராமத்தில் ஆறு பசு வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கறந்து, தலையில் சுமந்து வந்து அரண்மனைக்கும் நகரத்து வீடுகளுக்கும் ஊற்றுகிறவள். அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

கட்டட அதிகாரி பராங்குசர் முந்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன் நகரத்து மரங்களை வெட்டி, குளத்தைத் தூர்த்து, கல் சதுக்கம் போட்டு, ராஜா கையால் பொன்சங்கிலி வாங்கியவர் இவர்தான். "மகாராஜா, நேற்றுக் கறந்த பாலை இன்று ஊற்றியிருக்கிறாள்."

"இல்ல சாமி, இன்னிக்குக் கறந்த பாலுதான். எங்க ஊருல சாயங்காலம் வரைக்கும் கெடாது. இங்க வந்தா மத்தியானமே திரியுது. ரெண்டு வருஷமாத்தான் இப்படி" என்று ஆவுடை அழுதாள்.

"அவளுடைய ஆறு மாட்டையும் பிடித்துக் கட்டுங்கள்!" என்றார் ராஜா.

மாடு போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. மந்திரி அம்பலவாணர் எழுந்தார். சதுக்கம் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னவர் அவர். அதனால் பராங்குசருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"மூன்று நாள் தவணை கொடுங்கள், மகாராஜா. பால் பழசா, நகரம் சூடா என்று அளந்து பார்த்துவிடலாம்."

பராங்குசர் விழுந்து விழுந்து சிரித்தார். "நகரத்துக்கு ஒரு சூரியன், ஆலம்பாடிக்கு ஒரு சூரியனா, மந்திரியாரே?"

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்ததில் கோபம் கொஞ்சம் தணிந்தது. "சரி, எப்படி அளப்பீர்?"

"நாற்பது பேர் வேண்டும். இருபது பேர் நகரத்தில், இருபது பேர் கிராமங்களில். உச்சிவேளையில் குடை நிழலில் ஒரு வெண்ணெய் உருண்டையை இலையில் வைத்து, அது முழுக்க உருகும்வரை எண்ண வேண்டும். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கட்டும்."

"கூலி?"

"கிடையாது."

"சித்திரை வெயிலில் சும்மா நிற்க எவன் வருவான்?" என்றார் பராங்குசர்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் நின்றவர்கள் தொண்ணூறு பேர்! மந்திரிக்கே ஆச்சரியம். முன்னால் நின்ற குயவர் குப்பாண்டியிடம் காரணம் கேட்டார்.

"போன வருஷம் ஊரே காய்ச்சல்ல கெடந்துச்சு, ஐயா. இந்த ஆவுடை காசு கேக்காம வீடு வீடா மோர் ஊத்துனா. என் பொண்டாட்டி எழுந்து உக்காந்தது அந்த மோராலதான். அதுக்கு ஒரு மத்தியானம் வெயில்ல நிக்க மாட்டமா?"

ஆவுடை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கேட்டீர்களா? எல்லாம் அவளுக்கு வேண்டியவர்கள். கள்ள உருண்டை உருட்டுவார்கள்!" என்று பராங்குசர் குதித்தார்.

"நியாயமான பேச்சு. அப்படியானால் நீங்களே உருட்டிக் கொடுங்கள். ஆளுக்கொரு சேவகனையும் காவலுக்கு அனுப்புங்கள்" என்றார் மந்திரி.

மந்திரிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சபை முணுமுணுத்தது. பராங்குசரோ சந்தோஷமாக மடைப்பள்ளிக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். தேர்ந்தெடுத்த நாற்பது பேரில் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு முதலிலும், அவர்கள் கிளம்பிப் போனபின் நகரத்தில் நிற்பவர்களுக்கும் இலைப் பொட்டலங்களாகத் தம் கையாலேயே கொடுத்தார்.

உச்சிவேளை வந்தது. கல் சதுக்கத்தில் குப்பாண்டி கால் மாற்றிக் கால் மாற்றி நின்று எண்ணினார். மற்றவர்களும் வியர்வை வழிய எண்ணினார்கள். ஒருவர்கூட இடத்தைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் சபையில் புளியங்கொட்டைகளைப் பரப்பினார்கள். கல் சதுக்கம், எட்டு. கடைத்தெரு, பத்து. ஒரே ஒரு வேப்பமரம் தப்பிப் பிழைத்த யானைக் கொட்டடி, பதினான்கு. கிராமங்களில் இருபதுக்குக் குறைந்து ஓரிடமும் இல்லை. ஆலம்பாடி, இருபத்து மூன்று. காவலுக்குப் போன சேவகர்களும் ஆமாம் என்றார்கள்.

பராங்குசர் துள்ளி எழுந்தார். "இது சூது! நடக்கவே நடக்காது! நகரத்துக்குக் கொடுத்ததெல்லாம் எலுமிச்சம்பழ அளவு, கிராமத்துக்குக் கொடுத்தது நெல்லிக்காய் அளவு! பெரியது எப்படி முதலில் உருகும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ராஜா மெதுவாகக் கேட்டார். "அப்படியானால், சமமாக உருட்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகமா?"

"ஆமாம், மகாராஜா" என்றார் மந்திரி.

"இவர் இப்படிச் செய்வார் என்று உமக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்கள் ஆட்களே உருட்டி இதே கணக்கு வந்திருந்தால் யார் நம்புவார்கள்? நகரம் குளிர்ச்சி என்று காட்ட இவர் படாத பாடு பட்டும் முடியவில்லையே. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?"

ராஜா பொன்சங்கிலியைக் கழற்றி வாங்கினார். "பராங்குசரே, தூர்த்த குளத்தை நீரே வெட்டும். வெட்டின மரங்களுக்குப் பதில் நட்டுத் தண்ணீர் ஊற்றும். சதுக்கத்தில் நிழல் விழுகிற வரைக்கும் தினமும் உச்சிவேளையில் அங்கே நின்று வெண்ணெய் உருகுவதை எண்ணி வந்து சொல்லும்."

பிறகு ஆவுடையைப் பார்த்தார். "அம்மா, தப்பு என்னுடையது. என்ன வேண்டுமோ கேள்."

"மாடுங்க எங்கிட்ட இருந்தாப் போதும் சாமி" என்றவள், நாற்பது பேர் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "நான் ஊத்துனது வெறும் மோரு. நீங்க எங்குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க."

ராஜாவும் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து கைகூப்பினார். "என்னையும்தான் காப்பாற்றினீர்கள். நீங்கள் வெயிலில் நிற்காதிருந்தால் நான் ஒரு குற்றமும் செய்யாதவளைப் பட்டினி போட்டிருப்பேன்."

மறுநாள் உச்சிவேளை. பராங்குசர் முனகிக்கொண்டே சதுக்கத்துக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராஜா!

"மகாராஜா, தாங்கள் ஏன் இங்கே?"

"மரத்தை வெட்ட உத்தரவு போட்டவன் நான்தானே? எண்ண ஆரம்பியும்."